புருட் ஆற்றின் இரு கரைகள்

ஏழை ஐரோப்பா – 6

1990ஆம் ஆண்டு மே 6, ஞாயிற்றுக்கிழமை. புருட் ஆற்றின் எல்லைக் கடவுகள் எட்டு இடங்களில் திறந்துவிடப்பட்டன. மேற்குக் கரை ருமேனியா. கிழக்குக் கரை, அன்றைக்கு சோவியத் ஒன்றியத்தின் குடியரசுகளில் ஒன்றாக இருந்த மால்டோவா. இரண்டு கரையிலும் ஒரே மொழி, ஒரே ஆர்த்தடாக்ஸ் கிறித்தவம், ஒரே திராட்சை. 1940இல் ஸ்டாலினின் படை கிழக்குக் கரையை எடுத்துக்கொண்டபின், அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை இன்னொரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. அந்த ஒரு ஞாயிறு மட்டும் பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ருமேனியர்கள் கை நிறையப் பூக்களோடு கிழக்கே நடந்தார்கள். ஆற்றுத் தண்ணீரிலும் பூக்களை விட்டார்கள். ‘பூப்பாலம்’ என்றே அந்த நாளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

அன்று ஆற்றைக் கடந்தவர்கள் பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குப் போகவில்லை. அவர்கள் விட்டு வந்த ருமேனியா, சௌசெஸ்கு என்ற சர்வாதிகாரி உலர்த்திப்போட்ட நாடு. வெளிநாட்டுக் கடன் முழுவதையும் அடைத்தே தீருவேன் என்று அவர் 1980களில் சபதம் எடுத்தார். இறைச்சியும் தானியமும் ஏற்றுமதிக்குப் போயின. சொந்த மக்களுக்கு ரேஷன். உறைபனிக் காலத்தில் வீடுகளுக்கு வெப்பமில்லை, இரவில் மின்சாரமில்லை. 1989 ஏப்ரலில் கடன் தீர்ந்தது என்று அறிவித்தார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவரும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கிழக்குக் கரையில் சுதந்திரம் இல்லையே தவிர, கரிசல் நிலம் இருந்தது, பழத்தோட்டங்கள் இருந்தன, விளைந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ள மாஸ்கோ இருந்தது.

இன்று? 2023ஆம் ஆண்டின் தலைக்கு வருமானம் ருமேனியாவில் ஏறத்தாழ 18,000 டாலர். மால்டோவாவில் 7,000 டாலரைத் தொடவில்லை. பேச்சும் சமையலும் ஒன்றாக இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே, நீந்திக் கடந்துவிடக்கூடிய ஓர் ஆறு மட்டும் ஓடும்போது, இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? இரண்டு கரை மக்களின் உழைப்பிலும் புத்தியிலும் வித்தியாசம் தேட முடியாது. ஆகவே நாடுகளின் வறுமைக்கும் எழுச்சிக்கும் காரணம் தேடுகிறவர்களுக்கு புருட் ஆற்றைவிட நல்ல பாடப்புத்தகம் ஐரோப்பாவில் இல்லை. போன வாரம் பல்கேரியாவின் 1997ஆம் ஆண்டுப் பணவீக்கத்தைப் பார்த்தோம். இந்த வாரம் இந்த ஆற்றைப் பார்ப்போம்.

கிழக்குக் கரை சரிந்த கதை

1991 ஆகஸ்ட் 27 அன்று மால்டோவா சுதந்திர நாடானது. ஆனால் சோவியத் திட்டக் குழு அதை ஒரு தனி நாடாக நினைத்து உருவாக்கியிருக்கவில்லை. ஒயின், பழம், காய்கறி, புகையிலை ஆகியவற்றை அனுப்ப வேண்டியது. எரிவாயு, எண்ணெய், நிலக்கரி மூன்றையும் வெளியிலிருந்து பெற வேண்டியது. இதுதான் அதற்கு ஒதுக்கப்பட்ட வேலை. இருந்த கனரகத் தொழில்களிலும் பெரும்பகுதி நீஸ்டர் ஆற்றுக்கு அப்பால், டிரான்ஸ்னிஸ்திரியா என்ற ஒடுக்கமான நிலத்துண்டில் இருந்தது. ரிப்னிட்சா எஃகு ஆலையும் குச்சுர்கான் அனல்மின் நிலையமும் அங்கேதான் நின்றன.

1992இல் அந்தத் துண்டு போரிட்டுப் பிரிந்தது. ரஷ்யப் படை அதன் பக்கம் நின்றது. சில மாதங்களில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஆனால் மின்நிலையமும் எஃகு ஆலையும் திரும்பி வரவில்லை. புதிதாகப் பிறந்த நாட்டுக்கு மின்சாரம் தருகிற சுவிட்ச், அந்த நாட்டை அங்கீகரிக்காதவர்கள் கையில் இருந்தது. எரிவாயுக் குழாயின் மறுமுனை மாஸ்கோவில்.

விற்கிற இடமும் ஒன்றே ஒன்றுதான். ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ரஷ்யாவுக்குப் போனது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தபோது மால்டோவாவின் சந்தையும் அதோடு சரிந்தது. 1999இல் நாட்டின் மொத்த உற்பத்தி 1990இல் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிக் கிடந்தது. மக்களில் சுமார் 70 சதவீதத்தினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. போர்க்காலத்தில் குண்டு விழுந்த நாடுகள்கூட இப்படி மூன்றில் இரண்டு பங்கை இழப்பது அரிது. ஐரோப்பாவின் மிக ஏழை நாடு என்ற பெயர் அப்போது ஒட்டியது.

அதற்குப் பிறகும் அடி நிற்கவில்லை. 2006 மார்ச்சில் ரஷ்யா மால்டோவாவின் ஒயினுக்குத் தடை போட்டது. சுகாதாரக் காரணம் என்றது மாஸ்கோ. அரசியல் தண்டனை என்று எல்லோருக்கும் புரிந்தது. அந்நாட்டின் ஒயின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு அதுவரை ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மிலெஷ்டி மிச் என்ற ஊரில், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் உள்ள பாதாள ஒயின் கிடங்கு 2005இல்தான் உலகின் மிகப்பெரிய ஒயின் சேமிப்பாக கின்னஸில் ஏறியிருந்தது. லட்சக்கணக்கான புட்டிகள் நிலத்தடியில் இருந்தன. கிராமத்துத் திராட்சை விவசாயிக்கு அடுத்த அறுவடையை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. விற்பதற்கு ஒரே ஒரு வாசல் வைத்திருக்கிறவன், அந்த வாசற்காரன் சொல்லுக்குக் கட்டுப்பட்டே வாழ வேண்டியிருக்கும். மால்டோவா அதை 2013இல் இன்னொரு தடையின்போது மறுபடியும் அனுபவித்தது.

மேற்குக் கரை எழுந்த கதை

ருமேனியா ஒன்றும் எடுத்த எடுப்பில் எழுந்துவிடவில்லை. 1990களின் ருமேனியாவைப் பார்த்தவர் யாரும் இது தேறும் என்று சொல்லியிருக்க மாட்டார். ஜியு பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளர்கள் தலைநகர் புக்கரெஸ்ட்டுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். க்ளூஜ் நகரில் ‘காரிதாஸ்’ என்ற பணம் இரட்டிப்புத் திட்டம் லட்சக்கணக்கானோரின் சேமிப்பை விழுங்கியது. 1997இல் விலைவாசி ஓராண்டுக்குள் 150 சதவீத அளவுக்கு ஏறியது. ஆலைகள் மூடப்பட்டன, வேலை போனவர்கள் கிராமத்துக்குத் திரும்பி உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள்.

திருப்பம் வெளியிலிருந்து வந்தது. 1993இல் ஐரோப்பியச் சமூகத்தோடு ஒப்பந்தம், 1995இல் உறுப்பினராக விண்ணப்பம், 2000இல் பேச்சுவார்த்தைத் தொடக்கம், 2007 ஜனவரி 1 அன்று பல்கேரியாவோடு சேர்ந்து உறுப்புரிமை. இந்தத் தேதிகளுக்கு நடுவே நடந்ததுதான் முக்கியம். நீதிமன்றம், சுங்கம், வங்கி மேற்பார்வை, உணவுப் பரிசோதனை, போட்டிச் சட்டம் என்று துறை துறையாக நாட்டின் சட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பயண திசை மாறவில்லை, ஏனென்றால் வழியெல்லாம் மைல்கல் நட்டு, ஒவ்வொன்றிலும் நிறுத்திச் சோதித்துப் பார்க்க ஒருவர் இருந்தார். உள்ளே சேர்ந்த பிறகும் நீதித்துறையின் மீது ஐரோப்பிய ஆணையத்தின் சிறப்புக் கண்காணிப்பு 2023 வரை நீடித்தது.

அந்த உறுதியை நம்பி முதலீடு வந்தது. 1999இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் ‘டாச்சியா’ கார் ஆலையை வாங்கியது. மியோவெனி ஊரில் இருக்கும் அந்த ஆலை 2004இல் ‘லோகன்’ காரை வெளியிட்டது. 5,000 யூரோவுக்கு ஒரு கார் என்ற இலக்கோடு ஏழை நாடுகளுக்காகச் செய்யப்பட்ட அந்த வண்டியை மேற்கு ஐரோப்பியர்களே கேட்டு வாங்கினார்கள். க்ளூஜ், திமிஷோரா, யாஷ் நகரங்களில் மென்பொருள் அலுவலகங்கள் பெருகின. 2000இல் ருமேனியனின் சராசரி வருமானம், விலைவாசி வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தால், இன்றைய ஐரோப்பிய ஒன்றியச் சராசரியில் கால்பங்கு அளவே. 2023இல் அது நான்கில் மூன்று பங்கைத் தாண்டிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு தூரம் ஏறிய நாடுகள் உலகத்திலேயே குறைவு.

இந்த ஏற்றம் வலியில்லாமல் வந்ததாக யாரும் எண்ண வேண்டாம். 2008 உலக நெருக்கடியில் ருமேனியா பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தியது. 2010இல் அரசு ஊழியர் சம்பளம் ஒரே வெட்டில் 25 சதவீதம் குறைக்கப்பட்டது. மதிப்புக் கூட்டு வரி 19லிருந்து 24 சதவீதமானது. க்ளூஜ் அருகே 2008இல் ஆரவாரமாகத் தொடங்கிய நோக்கியா ஆலை 2011இல் மூடப்பட்டு வேலை ஆசியாவுக்குப் போனது. குறைந்த கூலியை மட்டும் நம்பி வருகிற தொழில், அதைவிடக் குறைந்த கூலி கிடைத்ததும் போய்விடும் என்பதை அந்த நகரம் அன்று கற்றுக்கொண்டது.

ஆட்களே ஏற்றுமதியானபோது

இரண்டு கரைக்கும் பொதுவான கதை ஒன்று உண்டு. அது இந்தத் தொடரின் எல்லா அத்தியாயங்களிலும் வருகிறது: போனவர்களின் கதை.

1992 கணக்கெடுப்பில் ருமேனியாவின் மக்கள்தொகை 2 கோடியே 28 லட்சம். 2021இல் 1 கோடியே 90 லட்சம். பிறப்பு குறைந்தது ஒரு காரணம். இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி, பிரிட்டன் என்று கிளம்பிப் போனது பெரிய காரணம். இத்தாலியில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ருமேனியர்கள்; அந்த நாட்டின் வெளிநாட்டவர்களில் அவர்களே அதிகம். மால்டோவாவில் 1989இல் டிரான்ஸ்னிஸ்திரியாவையும் சேர்த்து 43 லட்சம் பேர். 2024 கணக்கெடுப்பில், அந்தப் பகுதி நீங்கலாக, 24 லட்சம். பிரிந்துபோன நிலத்தின் மக்களைக் கழித்துக் கணக்குப் போட்டாலும் மூன்று பேரில் ஒருவர் இல்லை.

மால்டோவாவிலிருந்து ஆண்கள் மாஸ்கோவின் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் இத்தாலிக்குப் போனார்கள், அங்குள்ள முதியவர்களைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்ளவும். அங்கே ஓர் இத்தாலியப் பாட்டி ஒரு மால்டோவாத் தாயின் கையில் சாப்பிட்டாள். இங்கே அந்தத் தாயின் பிள்ளைகள் தங்கள் பாட்டியிடம் வளர்ந்தார்கள். முதல் தலைமுறையில் பலர் விசா இல்லாமல் போனவர்கள். பிடிபட்டால் திரும்பி நுழைய முடியாது என்பதால் ஆண்டுக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரவில்லை. தாய் முகம் மறந்த குழந்தைகள், பிள்ளை வராத சாவு வீடுகள்: இவற்றைப் பொருளாதாரப் புள்ளிவிவரத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அவர்கள் அனுப்பிய பணம் எழுதப்பட்டிருக்கிறது. 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் மால்டோவாவின் மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு இணையான தொகை வெளிநாட்டிலிருந்து வந்த வீட்டுப்பணம். உலகத்தில் இந்த அளவுக்குப் பிள்ளைகளின் பணத்தில் நின்ற நாடுகள் ஒன்றிரண்டுதான். வறுமை மளமளவென்று இறங்கியது. கூரை மாறியது, பிள்ளைகள் படித்தார்கள், மருந்து வாங்க முடிந்தது. அதை எந்த நிபுணரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அந்தப் பணம் இறக்குமதிப் பொருளாகவும் புது வீடாகவும் மாறியதே தவிர, மகன் திரும்பி வந்து வேலை செய்யத்தக்க பட்டறையாகவோ ஆலையாகவோ மாறியது குறைவு. புது வீடுகளில் பல பூட்டியே கிடந்தன.

2010இல் அரசு இதை உணர்ந்து ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் ஊரில் தொழில் தொடங்குபவர் ஒரு லேய் போட்டால் அரசு ஒரு லேய் போடும். தேனீ வளர்ப்பு, பசுமைக் குடில், சிறு பட்டறைகள் என்று நல்ல பலன்கள் கிடைத்தன. இருந்தாலும் வெள்ளத்தின் அளவுக்கு முன் வாய்க்கால் சிறியது. சம்பாதித்ததை வங்கியில் போட்டு வைக்கவே மக்களுக்குப் பயம். அந்தப் பயம் சரி என்று 2014 நிரூபித்தது.

காணாமல் போன நூறு கோடி

2014 நவம்பரில் மால்டோவாவின் மூன்று வங்கிகளிலிருந்து ஏறக்குறைய 100 கோடி டாலர் வெளியேறியது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றையொன்று தாங்கும் பொய்க்கடன்கள், வெளிநாட்டுப் பெயர்ப்பலகை நிறுவனங்கள் வழியாகப் பணம் கரைந்தது. அந்த மூன்றில் ஒன்று, சேமிப்புக் கணக்குக்காகவே மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிய பழைய வங்கி. ஓட்டையை அடைக்க அரசு உத்தரவாதம் கொடுத்தது. அதாவது திருடியவர்களின் கடனை, இத்தாலியில் மூதாட்டிகளைக் குளிப்பாட்டியவர்களின் குடும்பங்கள் வரியாகக் கட்ட வேண்டியதாயிற்று. 2015இல் தலைநகர் கிஷினாவின் சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் கூடாரமடித்துப் போராடினார்கள். முன்னாள் பிரதமர் விளாத் ஃபிலாத் கைதாகி, 2016இல் தண்டிக்கப்பட்டார்.

இதே ஆண்டுகளில் மேற்குக் கரையில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ருமேனியாவிலும் ஊழல் குறைவில்லை. ஆனால் அங்கே ஊழல் தடுப்புக்கென்று தனி வழக்குத் தொடுப்பு இயக்ககம் இருந்தது. முன்னாள் பிரதமர் அட்ரியன் நஸ்டாசே 2012இல் சிறைக்குப் போனார். 2013லிருந்து லௌரா கொத்ருட்சா கோவெசி தலைமையில் அமைச்சர்களும் மேயர்களும் நீதிமன்றப் படியேறினார்கள். 2018இல் அரசியல்வாதிகள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அடுத்த ஆண்டே அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் தலைமை வழக்குத் தொடுநராகத் தேர்வானார். திருடர்கள் இரண்டு கரையிலும் இருந்தார்கள். மேற்கே அவர்களை நிறுத்திக் கேட்கும் கை ஒன்று உருவாகியிருந்தது. கிழக்கே அந்தக் கையையே திருடர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். புருட் ஆற்றின் ஆழமான இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வாசல் மாறிய காலம்

2014 மால்டோவாவுக்குக் கெட்ட ஆண்டு மட்டுமில்லை. அந்த ஏப்ரலில் ஐரோப்பாவுக்கு விசா இல்லாமல் போய்வரும் உரிமை கிடைத்தது. ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒயின் மேற்கே திரும்பியது. ருமேனியாவும் போலந்தும் செக் குடியரசும் வாடிக்கையாளர்கள் ஆயின. தரம் உயர்ந்தால்தான் விற்கும் என்பதால் தரமும் உயர்ந்தது. ‘புர்காரி’ என்ற மால்டோவா ஒயின் நிறுவனத்தின் பங்குகள் 2018இல் புக்கரெஸ்ட் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டன. பெல்ட்ஸி நகரில் ஜெர்மன் கார்களுக்கு மின்கம்பித் தொகுதிகள் செய்யும் ஆலைகள் வந்தன. இன்று மால்டோவாவின் ஏற்றுமதியில் மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது. ரஷ்யாவின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் எல்லாம் அவசரமானது. லட்சக்கணக்கான உக்ரைனியர்கள் எல்லை கடந்து வந்தார்கள். ஐரோப்பாவின் ஏழை நாடு தன் வீடுகளைத் திறந்துவிட்டது. மார்ச் 16 அன்று மால்டோவாவின் மின்தொகுப்பு ஐரோப்பியத் தொகுப்போடு இணைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பணவீக்கம் 34 சதவீதத்தைத் தாண்டியபோது, ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் விறகுக்கும் ரொட்டிக்கும் நடுவே தேர்வு செய்தார்கள். ஆனாலும் எரிவாயு ருமேனியா வழியாக வரத் தொடங்கியது. 2025 ஜனவரி 1 அன்று டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு ரஷ்ய எரிவாயு நின்றபோது, முப்பது ஆண்டுகளாக அந்தச் சுவிட்சுக்குப் பயந்த கிஷினாவ், ருமேனியாவிடம் மின்சாரம் வாங்கிச் சமாளித்தது.

2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் மால்டோவாவை வேட்பு நாடாக ஏற்றது. 2024 ஜூனில் பேச்சு தொடங்கியது. அந்த அக்டோபரில் ‘ஐரோப்பாவை அரசியலமைப்பில் எழுதலாமா?’ என்று மக்களிடம் கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 50.35 சதவீதம். வித்தியாசம் பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள். உள்நாட்டு வாக்குகளில் ‘வேண்டாம்’ முந்தியிருந்தது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் வரிசையில் நின்று வாக்களித்தவர்கள்தான் முடிவைத் திருப்பினார்கள். நாட்டை முப்பது ஆண்டுகள் பணத்தால் தாங்கியவர்கள், அதன் திசையையும் தீர்மானித்தார்கள்.

சராசரிக்கு அடியில்

இங்கே நின்று மேற்குக் கரையை இன்னொருமுறை கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மால்டோவா போக விரும்பும் இடம் அது. புக்கரெஸ்ட் வட்டாரத்தின் தலைக்கு உற்பத்தி இன்று ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். புருட்டை ஒட்டிய வடகிழக்கு ருமேனியாவில் அது சராசரியின் ஏறக்குறைய பாதி. வஸ்லுய் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நின்று ஆற்றைப் பார்ப்பவருக்கு எதிர்க்கரை அவ்வளவு தூரமில்லை. ஐரோப்பா வந்து சேர்வது தலைநகருக்கு முதலில், கடைசிக் கிராமத்துக்குக் கடைசியில். அந்தத் தாமதம் தானாகச் சரியாவதில்லை. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அங்கே வேண்டுமென்று பட்ஜெட்டில் யாராவது பிடிவாதமாக எழுத வேண்டும்.

ஆட்கள் போவதும் தானாக நிற்பதில்லை. 2007க்குப் பின் ஆயிரக்கணக்கான ருமேனிய மருத்துவர்கள் மேற்கே போனார்கள். 2018இல் அரசு மருத்துவர்களின் சம்பளத்தை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்த்திய பிறகே அந்த ஓட்டம் தணிந்தது. கட்டடத் தொழிலுக்கும் ஆலைகளுக்கும் உணவகங்களுக்கும் ஆள் போதாமல், ருமேனியா 2022லிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி ஒதுக்கியது. நேபாளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போனவர்கள் அங்கே செங்கல் அடுக்குகிறார்கள், துணி தைக்கிறார்கள். நேற்றுவரை பிள்ளைகளை வெளியே அனுப்பிய நாடு, இன்று பிறர் வீட்டுப் பிள்ளைகளை வரவேற்கிறது. தன் மகளை இத்தாலி எப்படி நடத்தியிருக்க வேண்டும் என்று ருமேனியா அன்று ஆசைப்பட்டதோ, அப்படி அந்தத் தொழிலாளர்களை அது நடத்த வேண்டும்.

தலைக்கு வருமானம் என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மொத்தத்தைத் தலைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது அது. தலைகள் குறைந்தாலும் அந்த எண் உயரும். மால்டோவாவின் எழுச்சியில் ஒரு பகுதி உழைப்பால் வந்தது. இன்னொரு பகுதி, வகுக்க ஆளில்லாததால் வந்தது. ஆகவே ஓர் ஏழை நாடு தேறிவிட்டதா என்று கேட்கும்போது டாலர் கணக்கோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்: அந்த நாட்டில் பிறந்த இருபது வயதுப் பெண்ணால் அங்கேயே தங்கி, அங்கேயே வேலை பார்த்து, தன் பிள்ளையைத் தானே வளர்க்க முடிகிறதா?

அந்தக் கேள்விக்கு ருமேனியாவின் பெருநகரங்கள் இன்று ‘முடியும்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டன. அதன் கிழக்கு மாவட்டங்களால் இன்னும் சொல்ல முடியவில்லை. மால்டோவா இப்போதுதான் அந்தப் பதிலுக்கான வேலையைத் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 190 கோடி யூரோ வரை ஒதுக்கியிருக்கிறது. பணம் வேண்டும்தான். ஆனால் முப்பது ஆண்டுகளாகக் கிழக்குக் கரைக்குப் பணம் வந்துகொண்டேதான் இருந்தது, அதன் மக்களின் வியர்வையாக. நியாயமான நீதிமன்றமும், திருட முடியாத வங்கியும், ஒன்றுக்கு மேற்பட்ட சந்தையும் இல்லாததால்தான் அது தங்கவில்லை. இவை மூன்றும் வரட்டும்; போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று பிறகு பார்க்கலாம். இனிப் போகிறவர்கள், வேறு வழியில்லாமல் போகாமல் விருப்பப்பட்டுப் போவார்கள். ஒரு நாடு தன் பிள்ளைகளுக்குத் தர வேண்டிய குறைந்தபட்சக் கடமை அது.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1997இல் பணம் இரட்டிப்புத் திட்டங்கள் சரிந்தபோது ஓர் அரசாங்கமே கவிழ்ந்த அல்பேனியா.